பெலிண்டா பிறந்த தேதி

அந்தப் போட்டோவை அனுப்பியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் யார் யாரையோ திட்டப்போகிறேன், கமிட்டி, கேம்ப், வெயில் என்று. அப்போது ‘நீ மட்டும் பெரிய யோக்கியனா’ என்று என்னை யாரும் கேட்டுவிடக்கூடாது பாருங்கள்.

என் பெயர் காத்தமுத்து. மண்ணச்சநல்லூரில் இருபத்திரண்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். எதிர்வீடு இன்னாசிராஜ். ரைஸ்மில்லில் நெல் அவிக்கிறவன். அவன் பெண்டாட்டி லூர்துராணியும் என் பெண்டாட்டி அழகம்மாளும் அதே மில்லின் களத்தில் நெல் காய வைக்கிறார்கள். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் சமயபுரத்தாளைக் கும்பிடுகிறவர்கள். கருவாட்டுக் குழம்புக் கிண்ணம் மட்டும் எந்தச் சாமியையும் கேட்காமல் தெருவைத் தாண்டிப் போய்வரும்.

அவர்கள் பெண் பெலிண்டா. பதினாறு வயது. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து டீமில் இந்தியாவுக்குக் கோல்கீப்பர். ‘இந்தியா’ என்று முதுகில் போட்ட சட்டையைக் கொடியில் காயப்போடுகிற வீடு எங்கள் தெருவில் அது ஒன்றுதான். மழை வந்தால் அந்தச் சட்டையை எடுக்க நாலு வீட்டிலிருந்து ஆள் ஓடும்.

மே மாதம் ஆசியப் போட்டி. பெங்களூரில் கேம்ப். மாசிக் கடைசியில் டீம் மேனேஜர் மேடம் இன்னாசிக்குப் போன் செய்தார். ஸ்கூல் சர்டிபிகேட், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் இருக்கிறது, அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை, இரண்டு நாளில் வேண்டும் என்றார். இன்னாசியிடம் இருப்பது பட்டன் போன். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

“அண்ணே, பத்திரமா வச்சிருக்கோம் பாருங்க. பேரெல்லாம் போட்டிருக்கு. ஒரு போட்டோ புடிச்சு அந்த அம்மாவுக்கு அனுப்பிவிடுங்க.”

பெயர் இருந்தது. பெலிண்டா. தகப்பன் இன்னாசிராஜ், தாய் லூர்துராணி. கீழே சீல். நிழல் விழாமல், நாலு மூலையும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்ததும் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம். தேதியை அவனும் பார்க்கவில்லை, பத்தாவது வரை படித்த இந்த முட்டாளும் பார்க்கவில்லை.

2007ஆம் வருஷம் ஆகஸ்ட் பத்தொன்பது என்று இருந்தது அதில்.

அது இந்தப் பெலிண்டா இல்லை. இவளுக்கு முன்னால் பிறந்தவள். பதினோரு மாதம் இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் 2010 மார்ச்சில் இவள் பிறந்தாள். போன பிள்ளையின் பெயரையே வந்த பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் அவர்களில் சில வீடுகளில் உண்டு. லூர்து அதோடு நிற்கவில்லை. “வந்துட்டா அண்ணே, எங்க போயிட்டு வந்தாளோ” என்றாள். அதே பெயர், அதே ஞானத்தாய், அதே வெள்ளிக் கொலுசு. இவள் பிறப்பையும் பதிந்தார்கள், பெயரைப் பிறகு வந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். “அதான் ஒண்ணு இருக்கே, எதுக்கு ரெண்டு?” என்று லூர்து போகவிடவில்லை. முதல் பிள்ளையின் சாவையும் பதியவிடவில்லை. இன்னாசி யார் சொன்னாலும் கேட்கிற ஆள், பெண்டாட்டி சொன்னால் இன்னும் கொஞ்சம் கேட்கிற ஆள். ஸ்கூலில் இவளுடைய ஞானஸ்நானச் சீட்டைக் கொடுத்துச் சேர்த்தார்கள், அதில் சரியான தேதி இருந்தது. அப்படியே வண்டி ஓடிவிட்டது. லூர்துவின் முகத்துக்குப் பயந்து தெருவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பெலிண்டா அது தெரியாமலே வளர்ந்தாள்.

நான் அனுப்பிய காகிதப்படி அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கு இரண்டு பிறந்த தேதி என்று கேம்பில் கலவரம். சரியான காகிதம் வரும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை சாயங்காலம் ஆட்டக்காரர் பட்டியல் போகிறது, அதுவரைதான் நேரம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை எங்கள் தெருவில் அப்படித்தான் ஆரம்பித்தது.

வியாழக்கிழமை காலை ரயில் ஜங்ஷனுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். பெரிய பையைச் சீட்டில் போட்டுவிட்டு அதன்மேல் கையை ஊன்றி உட்கார்ந்தாள். எப்போதும் என் பக்கமாகக் குனிந்து பேசிக்கொண்டே வருகிற பிள்ளை. அன்றைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பெரியப்பா, மறைக்காம சொல்லுங்க. எனக்கு என்ன வயசு?”

“இதென்னம்மா கேள்வி? பதினாறு.”

“அப்ப அந்தக் காயிதம் யாரோடது?”

காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தோம். பத்து மணிக்கே அனல். கீழே மணல்தான் கண்ணில் பட்டது, தண்ணீர் எங்கோ ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

“வீட்டுல கேளும்மா. நான் சொல்றது முறையில்ல.”

“கேம்ப்ல என்னை ஆயான்னு கூப்பிட்டாளுங்க பெரியப்பா. நேத்து வரைக்கும் ஒரே தட்டுல சாப்பிட்டவளுங்க. ‘ஆயா, முட்டி வலிக்குதா’ங்கிறாளுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் போன பஸ்காரனைப் பார்த்து ஹாரனை அழுத்தினேன். அவன் என்ன பாவம் செய்தான்? பேச்சை மாற்றலாமென்று, “டீம் எப்படி இருக்கு? ஜெயிப்பீங்களா?” என்று கேட்டேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“ஜப்பானை ஜெயிக்க முடியாது, அதை விடுங்க. எங்க குரூப்புல மத்த ரெண்டு டீம்ல ஒண்ணை ஜெயிச்சு, ஒண்ணோட டிரா பண்ணா காலிறுதி. ஆனா ஜப்பான்கிட்ட நிறைய கோல் வாங்கக்கூடாது. மூணுக்கு மேல வாங்கினா போச்சு. கோச் சார் அதுக்குத்தான் என்னை வச்சிருந்தார். இன்னொரு கீப்பர் மிசோரம் பொண்ணு. தங்கமான பொண்ணு. ஆனா கார்னர் வந்தா கோல் லைனை விட்டு வெளிய வரமாட்டா. கூட்டத்துக்குள்ள எகிறிப் புடிக்கணும்ல? பயப்படுவா.”

“உனக்குப் பயமில்லையா?”

“இருக்கும். பந்து கைக்கு வந்ததும் போயிரும்.”

வீட்டில் லூர்து சமைத்து வைத்திருந்தாள். தவக்காலம், அதனால் கறி கிடையாது. புழுங்கலரிசிச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை. மில்லுக்கு லீவு போட்டுவிட்டு இன்னாசி சுவரோரம் குந்தியிருந்தான். நான் வாசலிலேயே நழுவப் பார்த்தேன், “அண்ணே, நீங்களும் இருங்க” என்று அவன் கெஞ்சினான். பெலிண்டா தட்டில் கைவைக்காமல் கேட்டாள்.

“அப்பா, அந்தக் காயிதம் யாரோடது?”

இன்னாசிக்கு அழுகைதான் முதலில் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். லூர்து சோற்றுப் பானையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அவன் முடித்ததும் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்.

“யாரும் சாகல. எனக்கு ஒரே பொண்ணு. போனா, திரும்பி வந்தா. அவ்வளவுதான்.”

“நான் எங்கயும் போகலம்மா.”

“உனக்கு என்னடி தெரியும்? பெத்தவ நான்.”

“அப்ப நான் யாரும்மா? எனக்குன்னு ஒரு காயிதம் கூட இல்லையா?”

லூர்து தட்டை அவள் பக்கம் தள்ளினாள். “சாப்பிடு. ஆறிப்போவுது.”

மறுநாள் நானும் இன்னாசியும் ஸ்ரீரங்கம் போனோம். இரண்டு பிள்ளையும் அங்கேதான் பிறந்தார்கள். பிறப்பு இறப்பு ஆபீசில் இருந்த அம்மாள் நல்ல மனுஷி. கம்ப்யூட்டரில் தேடி, பழைய புத்தகத்தையும் எடுத்துவந்து பார்த்தார்.

“இருக்குங்க. 2010 மார்ச் மூணு. பெண் குழந்தை. அப்பா இன்னாசிராஜ், அம்மா லூர்துராணி. பேர் எழுதுற இடம் மட்டும் காலியா இருக்கு.”

இன்னாசி கையெடுத்துக் கும்பிட்டான். “பேரை மட்டும் எழுதிக் குடுத்துருங்கம்மா. பெலிண்டா.”

“அவசரப்படாதீங்க. அதே அப்பா அம்மாவுக்கு 2007லயும் பெலிண்டான்னு ஒரு குழந்தை இருக்கே. அவங்க எங்க?”

இன்னாசி தரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்.

“இறந்ததைப் பதியவே இல்லையா? அடக் கடவுளே. அது பதிவாகாம அதே பேரை இன்னொரு பிள்ளைக்கு ஏத்த முடியாதுங்க. இவ்வளவு வருஷமானதால ஆர்.டி.ஓ. விசாரிச்சு உத்தரவு போடணும். சர்ச்சுல அடக்கம் பண்ணின சீட்டு வாங்குங்க. சாட்சி வேணும். முக்கியமா அம்மா நேர்ல வந்து சொல்லணும், என் குழந்தை இறந்துட்டான்னு.”

“அம்மா வரலைன்னா?”

“பெத்தவங்க வந்து சொல்லாம எப்படிங்க?”

விளையாட்டு விஷயம், இந்தியா டீம் என்று கெஞ்சியதில் புதன்கிழமையே விசாரணைக்குத் தேதி கிடைத்தது. அவர்கள் கோவிலில் பாதிரியார் ஜேக்கப் சாமி பழைய அடக்கப் புத்தகத்தை எடுத்து, நீல மையில் எழுதியிருந்த அந்த ஒரு வரியைக் காட்டினார். நகல் எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார். எல்லாம் கைக்கு வந்தது. லூர்து மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை அழகம்மாள் போய்ப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியே வீட்டுக்கு வந்து பேசினார். “சாமி, நீங்கதானே செத்தவங்க எழுந்து வருவாங்கன்னு பிரசங்கம் வைக்கிறீங்க” என்று கேட்டுவிட்டாள். மனுஷன் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இன்னாசி ஒருதரம் கையை ஓங்கிவிட்டான், வாழ்க்கையில் முதல்தரமாக. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். தெருவில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள், வயசைக் குறைத்து ஏமாற்றிய பெண் என்று. இவளுக்கு முட்டைக்கும் பழத்துக்கும் காசு திரட்டிய அதே தெருதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு சமயபுரம் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை சொல்லிக்கொள்ளாமல் வரும். அவித்த நெல் களம் முழுக்கப் பரந்து கிடந்தது. நனைந்தால் அத்தனையும் நாறிப்போகும். நான் அழகம்மாளைக் கூட்டிவரப் போனவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டேன். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இரண்டு நாளாகப் பெலிண்டாவும் களத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்தோம். சிமெண்டுத் தரைச் சூடு காலைச் சுட்டது. தார்ப்பாயை இழுத்து மூடும்போது பெருங்காற்று அடித்து ஒரு பக்கம் அப்படியே கிளம்பிவிட்டது. எல்லாரும் ஐயோ என்று நின்றோம். பெலிண்டா ஓடிப்போய் உடம்போடு அதன்மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு படுத்தேவிட்டாள். நாங்கள் கல்லை உருட்டிவந்து வைக்கும்வரை விடவில்லை. அவள் எழுந்தபோது முழங்கை இரண்டும் உரிந்து ரத்தம்.

ஷெட்டுக்குள் ஒதுங்கினோம். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். லூர்து முந்தானையால் மகளின் முழங்கையைத் துடைத்தாள். அப்போது பெலிண்டா கேட்டாள், சாதாரணமாக.

“அவ எப்படிம்மா இருந்தா?”

“யாரு?”

“அக்கா.”

அந்த வீட்டுப் பேச்சில் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அழகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி கேட்டார், புருஷன் கேட்டான், நாங்கள் கேட்டோம், எல்லாரும் அவள் செத்ததைச் சொல் என்றுதான் கேட்டோம். எப்படி இருந்தாள் என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு ஆள் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் புத்தி எங்கே போயிற்று?

லூர்து நெடுநேரம் முழங்கையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கீழ ரெண்டு பல்லு முளைச்சிருந்துச்சு. விரலைக் குடுத்தா கடிப்பா. நீ கடிக்கமாட்ட, சப்புவ. அவளுக்குக் கோரை முடி. உனக்குத்தான் சுருட்டை. அவ ஆளைக் கண்டா அழுவா. நீ யார்கிட்ட வேணாலும் போயிருவ.” கொஞ்சம் சிரித்தாள். “அவ கறுப்பு. என்னை மாதிரி.”

“அப்புறம்?”

“மூணு நாள் காய்ச்சல். மொத நாள் லேசாத்தான் இருந்துச்சு. களத்துல ஆள் இல்லன்னாங்க. தூளியில போட்டுட்டு நெல்லு தள்ள வந்துட்டேன். சாயங்காலம் போய்த் தொட்டா கொதிக்குது.” அவள் மகளின் கையை விட்டுவிட்டாள். “செத்துட்டான்னு சொன்னா, எப்படிச் செத்தான்னு கேப்பாங்கள்ல? நான் என்னடி சொல்லுவேன்? வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லவா?”

“காய்ச்சல்னு சொல்லும்மா. அதான் நெசம்.”

“அதுமட்டுமா நெசம்?”

பெலிண்டா அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். அம்மாவைவிட ஒரு முழம் உயரம் அவள். “நானும் கூட வரேன்” என்றாள். லூர்து வாயைத் திறந்து அழுதாள். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

புதன்கிழமை நாலு பேரும் ஆட்டோவில் கிளம்பினோம். லூர்து பெரிய நாள் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் தேர். ஜனமான ஜனம், வண்டியைத் திருப்பித் திருப்பி விட்டார்கள். ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் அதிகாரி தேர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், மத்தியானம்தான் வருவார் என்றார்கள். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை யாரும் பிரிக்கவில்லை. பெலிண்டா மட்டும் அரை மணிக்கொருதரம் போனைப் பார்த்தாள். சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டரை மணிக்குக் கூப்பிட்டார்கள். சாட்சியான என்னை முதலில் விசாரித்தார்கள்.

“குழந்தை இறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு என் ஆட்டோவுலதாங்க கொண்டுவந்தோம்.”

அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்குக் கொள்ளிடம் பாலத்தில் குண்டும் குழியும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு லூர்து, “மெதுவா போங்கண்ணே, முழிச்சுக்குவா” என்றாள். நான் மெதுவாகத்தான் போனேன். பாலம் முடிகிறவரை நடக்கிற வேகத்தில்தான் போனேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இன்னாசியும் லூர்துவும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் பெலிண்டாவின் போன் அடித்தது.

“சொல்லுங்க மேடம்… ஆமாங்க மேடம், இப்ப உள்ளதான் இருக்காங்க. இன்னைக்கே உத்தரவு போடறேன்னு…” பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். “சாயங்காலம் வரைக்கும் டயம்னு சொன்னீங்களே மேடம்.” மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தாள். “சரிங்க மேடம். சரிங்க. தேங்க்ஸ் மேடம்.”

போனை நிறுத்திவிட்டு மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

“காலையிலயே அனுப்பிட்டாங்களாம். சந்தேகம் இருக்கிற ஆளை வச்சு டீம் மொத்தத்தையும் வெளிய தள்ளிட்டா என்ன பண்றதுன்னு கமிட்டி பயந்துருச்சாம். கோச் சார் சண்டை போட்டாராம். கேக்கலையாம்.”

“சண்டாளப் பாவிங்க! அவனுங்க சொன்ன நேரமே இன்னும் ஆகலையே!” நான் கத்தியதில் அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பதினாறு. இந்த வயதுப் போட்டி இனி அவளுக்கு இல்லை, அடுத்தது வருவதற்குள் இவளுக்குப் பதினேழு தாண்டிவிடும். என் கையால் அனுப்பிய ஒரு போட்டோ. செருப்பால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சட்டென்று வேறொன்று தோன்றியது. உள்ளே லூர்து இன்னும் வாய் திறந்திருக்கமாட்டாள். எதற்காகச் சொல்ல வந்தாளோ அதுவே இல்லை என்றான பிறகு அவள் ஏன் சொல்ல வேண்டும்?

“இரும்மா, நான் போய் நிறுத்திடறேன். உங்கம்மா அதைச் சொல்லவே வேணாம்” என்று கதவுப் பக்கம் ஓடினேன்.

பெலிண்டா என் கையைப் பிடித்துவிட்டாள். பிடி இரும்பு.

“வேணாம் பெரியப்பா.”

“இனிமே எதுக்கும்மா?”

“சொல்லட்டும். அவ பேரும் ஒரு எடத்துல எழுதியிருக்கணும்ல.”

ஜன்னல் திறந்திருந்தது. அதிகாரி ஏதோ கேட்பது கேட்டது. மறுபடி கேட்டார். பிறகு லூர்துவின் குரல் வந்தது, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக.

“என் மூத்த பொண்ணு பெலிண்டா செத்துப்போச்சுங்க. 2008 ஜூலை பதினாலு. திங்கக்கிழமை. விடியக்காலம் நாலரை மணி. காய்ச்சல். மொத நாள் நான் வேலைக்குப் போயிருந்தேங்க.”

பெலிண்டா என் கையை விடாமல் நின்றாள்.

அவர்கள் வெளியே வந்தபோது நாலு மணி. இன்னாசி உத்தரவுக் காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். லூர்துவின் முகம் வீங்கியிருந்தது. நடை மட்டும் லேசாக இருந்தது, அப்படி அவள் நடந்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. நேரே மகளிடம் வந்தாள்.

“சொல்லிட்டேன்டி. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதிகாரி ஒண்ணும் திட்டல.” மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “இனிமே உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்கள்ல? நீ போவல்ல?”

பெலிண்டா என்னைப் பார்க்கவில்லை.

“போவேம்மா” என்றாள்.

“எத்தனை கோல் வந்தாலும் புடிச்சிரணும்.”

“புடிச்சிருவேன். வாம்மா, சாப்பிடு மொதல்ல. காலையிலேர்ந்து பட்டினி.”

மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து, முதல் பிடியை அம்மாவின் வாயில் ஊட்டினாள். லூர்து சிரித்துக்கொண்டே தின்றாள். நான் ஆட்டோவைத் திருப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, திருப்புவதற்கு ஒன்றுமில்லாத அந்த வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.